செ. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர் போட்ட அரசியல் கணக்குகள்

1936ஆம் ஆண்டு இலங்கை அரசாங்க சபைத் தேர்தல் முடிந்து அமைச்சர்கள் பொறுப்பேற்றபோது ஏழு பேரும் சிங்களவர்களாக இருந்தார்கள். டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, ஜி. சி. எஸ். கொரயா, ஜோன் கொத்தலாவல. 1931இல் அமைந்த முதல் அமைச்சரவையில் இந்திய வம்சாவளித் தமிழரான பெரி சுந்தரமும் முஸ்லிம்களின் சார்பில் மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். இந்த முறை சிறுபான்மையினர் ஒருவர்கூட இல்லை. ‘தனிச் சிங்கள அமைச்சரவை’ என்று தமிழரின் நினைவில் பதிந்துபோன இந்த ஏற்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒரு தமிழர்தான் என்று இலங்கை அரசியல் வட்டாரங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், உரும்பிராயைச் சேர்ந்த செல்லப்பா சுந்தரலிங்கம்.

இருபது ஆண்டுகள் கழித்துத் தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர்களில் ஒருவரும் இவரே. ‘அடங்காத் தமிழன்’ என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையக்கூடாது என்று வாசலில் நின்று மறித்தவரும் இவர்தான். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதப்படும் சுந்தரலிங்கங்கள் நம்மிடம் நிறைய உண்டு. தேசிய வரலாறு எழுதுபவர்கள் மாவிட்டபுரத்தை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். சாதி ஒழிப்புப் போராட்டத்தை எழுதுபவர்களுக்கோ 1948இல் இந்திய வம்சாவளித் தமிழரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தது பெரிதாகப் படுவதில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்து யாழ்ப்பாண மேட்டுக்குடி அரசியல் எதைக் கண்டது, எதைக் காண மறுத்தது என்பது விளங்கும்.

முதலில் அந்த 1936ஆம் ஆண்டுக் கணக்கு. 1931இல் பிரித்தானியர் நடைமுறைப்படுத்திய டொனமூர் அரசியலமைப்பில் கட்சி ஆட்சி என்ற ஒன்று கிடையாது. சபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 50 பேர், தேசாதிபதி நியமித்தவர்கள் 8 பேர். சபாநாயகரைக் கழித்தால் மிஞ்சும் 57 பேரும் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். யார் எந்தக் குழுவில் என்பதை சபையே இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்கும். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தலைவரே அத்துறையின் அமைச்சர். சிறுபான்மையினருக்கும் ஆட்சியில் பங்கு கிடைக்கும் என்று நினைத்துத்தான் டொனமூர் ஆணைக்குழு இப்படி வகுத்தது.

ஆனால் 57ஐ 7ஆல் வகுத்தால் குழுவுக்கு எட்டுப் பேர், ஒன்றில் மட்டும் ஒன்பது. எட்டிலும் சரி, ஒன்பதிலும் சரி, ஐந்து பேர் கையில் இருந்தால் தலைவர் பதவி உறுதி. ஏழு குழுவுக்கும் ஐந்து ஐந்தாக 35 பேரைச் சரியாகப் பரப்பி வைத்துவிட்டால் ஏழு அமைச்சும் ஒரே பக்கம் வந்துவிடும். எதிர்ப்பக்கத்து 22 பேர் குழுவுக்கு மூவராகச் சிதறி எதற்கும் உதவாமல் போவார்கள். அந்த 22 பேரும் சிதறாமல் திரண்டிருந்தால் நான்கு குழுக்களைப் பிடித்திருக்க முடியும் என்பதுதான் வேடிக்கை. இதற்கு ஒக்ஸ்போர்ட் பட்டம் தேவையில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. கதை இத்தனை காலம் நிலைத்ததற்குக் கணக்கின் கடினம் காரணமல்ல. போட்டவர் தமிழர் என்பதுதான் காரணம்.

அவர் ஏன் அதைச் செய்திருப்பார்? அமைச்சர்கள் ஒரே குரலில் பேசினால்தான் பிரித்தானியரிடம் கூடுதல் அதிகாரம் கேட்க முடியும் என்பது சேனநாயக்க தரப்பு சொன்ன நியாயம். சுந்தரலிங்கம் சேனநாயக்கவுக்கு நெருக்கமானவர். கொழும்பில் படித்த வர்க்கத்தின் வட்டம் சிறியது. அதில் இனத்தைவிடப் பள்ளிக்கூடமும் பட்டமும் கிளப்பும் நெருக்கத்தைத் தீர்மானித்தன. இருந்தாலும் அந்தத் தனிச் சிங்கள அமைச்சரவை தமிழரிடையே கிளப்பிய அச்சம் சிறியதல்ல. சபையில் பாதி ஆசனம் சிங்களவருக்கு, மறுபாதி சிறுபான்மையினர் அனைவருக்கும் என்ற ஜி. ஜி. பொன்னம்பலத்தின் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கைக்கு அதைவிட நல்ல உரம் கிடைத்திருக்காது. 1942இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு அமைச்சராகும் வரை அமைச்சரவையில் தமிழர் இல்லை.

இப்போது அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கலாம். 1895 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். அவரோடு சேர்த்துச் சகோதரர்கள் ஐந்து பேர், ஐவர் பெயரும் லிங்கத்தில் முடியும். நாகலிங்கம் உச்ச நீதிமன்ற நீதியரசராகி, சிறிது காலம் பதில் மகாதேசாதிபதியாகவும் இருந்தார். பஞ்சலிங்கம் வைத்தியர், அமிர்தலிங்கம் மீன்பிடித் திணைக்களப் பணிப்பாளர், தியாகலிங்கம் பேர்போன வழக்கறிஞர். (அரசியல்வாதி அ. அமிர்தலிங்கம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகப் பட்டம், பிறகு ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் கணிதம். சிவில் சேவைக்குத் தேறினார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கனவு அதோடு நிறைவேறிவிடும். சீதனச் சந்தையில் சிவில் சேவை மாப்பிள்ளைக்கு மேல் எதுவும் கிடையாது.

அவர் அந்த வேலையில் நிலைக்கவில்லை. வெகு சீக்கிரமே விட்டுவிட்டு கொழும்பு ஆனந்தா கல்லூரியில் உப அதிபராகச் சேர்ந்தார். ஆனந்தா என்பது ஒல்கொட்டின் முயற்சியில் 1886இல் தொடங்கப்பட்ட பௌத்தப் பள்ளி, சிங்கள பௌத்த மறுமலர்ச்சியின் நாற்றங்கால். அங்கே ஒரு யாழ்ப்பாணச் சைவர் உப அதிபர் என்பது 1920களில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அதன்பின் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர். 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரி தானாகப் பட்டம் கொடுக்காது. மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தயார் செய்யும். நாட்டில் கணிதத்தில் உயர்கல்விக்கு அதைவிட்டால் வேறு பெரிய இடம் இல்லாததால், 1940இல் அவர் ஓய்வு பெறும் வரை ஏறத்தாழ இரண்டு தசாப்தங்களாக இலங்கையில் கணிதம் படிக்க வந்தவர்கள் அவருடைய துறையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக வந்த சி. ஜே. எலியேசர் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். இதற்கிடையே சுந்தரலிங்கம் சட்டத்தரணியாகவும் தகுதி பெற்றிருந்தார்.

ஆசிரியர்கள் அரசியலுக்கு வருவது இலங்கையில் புதிதல்ல. இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் கன்னங்கராவே ஒரு காலத்தில் கணித ஆசிரியர். பிரதமர் வரை போன டபிள்யூ. தஹநாயக்கவும் வாத்தியார். யாழ்ப்பாணத்தில் அந்த வழிக்கு அடையாளம் ஹன்டி பேரின்பநாயகம். இளைஞர் காங்கிரசைக் கட்டியவர், பள்ளிகளில் சம ஆசனம், சமபந்தி என்று சாதிக்கு எதிராக நின்றவர். 1947இல் வட்டுக்கோட்டையில் நின்று தோற்றுப்போனார். அதே தேர்தலில்தான் சுந்தரலிங்கம் வென்றார். யாழ்ப்பாணத்துச் சமூகம் எந்த ஆசிரியரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, எவரை வகுப்பறையிலேயே வைத்துக்கொண்டது என்பதில் ஒரு கதை இருக்கிறது.

சுந்தரலிங்கம் நின்றது பிறந்த ஊர்ப்பக்கம் அல்ல. வவுனியா. குடாநாட்டுக்குத் தெற்கே, குளங்களை நம்பி நெல் விளைவிக்கும் வன்னி மண். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக இல்லாமல் சுயேச்சையாக நின்றார். அப்போது வயது 52. 95 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42தான். பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள், அதிலும் தமிழர்கள் தேவைப்பட்டார்கள். சில மாதங்களில் சுதந்திரம் பெறப்போகும் நாட்டின் அமைச்சரவையில் தமிழர் இல்லை என்று இருக்கக்கூடாது. மன்னாரிலிருந்து சுயேச்சையாக வந்த சி. சிற்றம்பலத்துக்குத் தபால் தொலைத்தொடர்பு, சுந்தரலிங்கத்துக்கு வர்த்தக வாணிபம். 1936இல் ஏழுக்கு ஏழு என்று கணக்குப் போட்டதாகச் சொல்லப்படுபவர், 1947இல் அமைச்சரவை பல்லின முகம் காட்டுவதற்கு வேண்டிய எண்ணிக்கையில் தானே ஒரு எண் ஆனார்.

அடுத்து வந்தது பிரஜாவுரிமைப் பிரச்சினை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருடைய பிற்கால அரசியல் முழுவதும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், அதாவது சனத்தொகையில் 11.7 சதவீதம். இலங்கைத் தமிழரைவிடச் சற்று அதிகம். 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல தொகுதிகளை வென்றது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் சில தொகுதிகளில் கை கொடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், இலங்கைப் பிரஜாவுரிமையைப் பரம்பரைச் சான்றோடு கட்டிப்போட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்பதற்குத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பத்திடம் என்ன பத்திரம் இருக்கும்? இந்தச் சட்டம் வந்தபோது சுந்தரலிங்கம் அமைச்சர். விலகவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

விலகியது அடுத்த மசோதாவில். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்குப் பதிவின் மூலம் பிரஜாவுரிமை தருவதாகச் சொல்லிக்கொண்டு, நிபந்தனைகளால் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய மசோதா அது. 1948 டிசம்பர் 10 அன்று இரண்டாம் வாசிப்பு. வாக்கெடுப்பு நேரத்தில் வர்த்தக அமைச்சர் வாக்களிக்காமல் சபையை விட்டு வெளியேறினார். விளக்கம் தருமாறு பிரதமர் கேட்டார். விளக்கம் தருவதற்குப் பதிலாகப் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தார்.

இதே வாக்கெடுப்பில் ஜி. ஜி. பொன்னம்பலம் என்ன செய்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த அவர், செப்டம்பரில் அமைச்சராகி, டிசம்பரில் இரண்டாவதை ஆதரித்தார். சுந்தரலிங்கம் அப்படியே தலைகீழ். முதலாவதின்போது உள்ளே இருந்தார், இரண்டாவதின்போது வெளியே போனார். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசில் இதனால் வந்த உடைவில்தான் செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். சுந்தரலிங்கம் அதிலும் சேரவில்லை. எந்தக் கட்சிக்கும் அடங்கும் ஆள் அவர் அல்ல. அந்த ஆண்டே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவரின் வாக்குரிமை போனது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஒரு தொகுதிகூட இல்லை. அதே சமயம் தொகுதிப் பிரிப்பில் அந்த மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. ஆகவே மலையக மாவட்டங்களின் தொகுதிகள் குறையவில்லை, அங்கே வாக்களிப்பவர்கள் மட்டும் மாறிப்போனார்கள். வாக்குரிமை இல்லாத தமிழரின் எண்ணிக்கை சிங்களப் பிரதிநிதிகளைக் கூட்டித் தந்தது. 1936இல் சபைக்குள் போட்ட கணக்கு இப்போது நாடு முழுவதற்குமாகப் போடப்பட்டது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு அமைச்சரவையில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் அவருடைய நாடாளுமன்ற வாழ்க்கை ஒரு மாதிரியான விளையாட்டாகத் தோன்றலாம். 1951இல் ஆசனத்தைத் துறந்தார், இடைத்தேர்தலில் வவுனியா மக்கள் திருப்பி அனுப்பினார்கள். 1952 பொதுத் தேர்தலில் வென்றார். 1955இல், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற ‘சிங்களம் மட்டும்’ கொள்கையை எதிர்த்து மூன்று மாதங்களுக்கு மேல் சபைக்குப் போகாமல் இருந்து ஆசனத்தை இழந்தார், மறுபடி இடைத்தேர்தல், மறுபடி வெற்றி. 1956லும் வென்றார். இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. சபைக்குள் பேசி எதையும் மாற்ற முடியாத எண்ணிக்கையில் இருக்கும் ஒரு உறுப்பினருக்கு, தன் தொகுதியைக் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்றுதான் மிஞ்சும் ஆயுதம். 1972இல் செல்வநாயகம் புதிய அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்களிடம் தீர்ப்புக் கேட்டது இதே வழியில்தான். அரசாங்கம் அந்த இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. சுந்தரலிங்கம் காலத்தில் அவ்வளவு இழுப்பு இல்லை.

1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1957இல் தமிழ்ப் பகுதிகளுக்குப் பிராந்திய சபைகள் தர உடன்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது, மே மாதம் கலவரம். தமிழரசுக் கட்சி இதற்குப் பிறகும் சமஷ்டி என்ற கூட்டாட்சிக் கோரிக்கையை விடவில்லை. சுந்தரலிங்கம் விட்டுவிட்டார். 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்ற அமைப்பைத் தொடங்கி, பிரிவதுதான் வழி என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரும்பான்மை நிரந்தரமாக ஒரே பக்கம் இருக்கும் சபையில் சிறுபான்மைக்கு எந்த ஏற்பாட்டிலும் காப்பு இல்லை என்பது அவருடைய வாழ்க்கையே காட்டிய முடிவு. மக்கள் அவரோடு போகவில்லை. 1960 மார்ச் தேர்தலில் வவுனியாவை த. சிவசிதம்பரத்திடம் இழந்தார். அதன்பின் நாடாளுமன்றத்துக்குள் அவர் போகவே இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1970 தேர்தல் அறிக்கையில்கூட தமிழரசுக் கட்சி நாட்டைப் பிரிக்கக் கேட்பவர்களுக்கு ஆதரவளிக்க வேண்டாம் என்றே தமிழ் மக்களைக் கேட்டுக்கொண்டது.

இதற்குள் மாவிட்டபுரம் நடந்துவிட்டது.

கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் வந்து பத்து ஆண்டுகள் ஆகியும் யாழ்ப்பாணத்தில் கிணறு, கடை, கோயில் எதுவும் எளிதில் திறக்கவில்லை. 1966க்குப் பிறகு கம்யூனிஸ்டுகளின் தலைமையில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நேரடிப் போராட்டத்தில் இறங்கியது. 1968இல் அது காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு வந்தது. குதிரை முகம் மாறிய மாருதப்புரவீகவல்லியின் கதையோடு பிணைந்த, வடக்கின் பெரிய முருகன் கோயில்களில் ஒன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆகமமும் வழமையும் அதற்கு இடம் தராது என்று எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் 70 வயதைத் தாண்டிய முன்னாள் கணிதப் பேராசிரியர்.

அவர் மீது வழக்குப் பதிவானது. அது உள்ளூர் நீதிமன்றத்தோடு நிற்கவில்லை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இலங்கையிலிருந்து அங்கே மேல்முறையீடு செய்யும் வழி 1971 இறுதியில் மூடப்படுவதற்கு முன் சென்ற வழக்குகளில் அதுவும் ஒன்று. ஒரு மனிதன் எதுவரை உள்ளே வந்து சாமி கும்பிடலாம் என்ற யாழ்ப்பாணத்துச் சச்சரவு வெள்ளைக்கார நீதிபதிகள் முன் விரிவாக வாதிடப்பட்டது.

இதை முதுமையின் தடுமாற்றம் என்று சொல்லிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய அரசியலில் எண்ணப்பட்டவை எப்போதும் சமூகங்கள்தான். சிங்களவர் இத்தனை, தமிழர் இத்தனை, இந்தியத் தமிழர் இத்தனை. தமிழர் என்ற அந்தத் தொகைக்குள் யார் யார், எவருக்கு எந்த வாசல் என்பது அவர் கேட்ட கேள்வியே அல்ல. அது அவருக்கு அரசியலாகவே படவில்லை, ஆசாரமாகப் பட்டது. 1948இல் எந்தத் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமைக்காக அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தாரோ, அவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். வாக்குச்சாவடியில் அவர்கள் தமிழர். மாவிட்டபுரத்துக்கு வந்திருந்தால் வீதியில்தான் நின்றிருப்பார்கள். இந்தப் பார்வை சுந்தரலிங்கத்தின் தனிச் சொத்தும் அல்ல. கோயில் நுழைவு விடயத்தில் பெரிய தமிழ்க் கட்சிகள் அன்று காட்டிய தயக்கத்தைப் பார்த்தால், அவர் மற்றவர்கள் வீட்டுக்குள் பேசியதை வாசலில் நின்று பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1970 தேர்தலில் மாவிட்டபுரத்தையும் உள்ளடக்கிய காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார். 1985 பெப்ரவரி 11 அன்று, தனது 89ஆவது வயதில் காலமானார். தனிநாட்டுக்காக அப்போது ஆயுதம் தூக்கியிருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் அவர் அமைச்சர் பதவியைத் துறந்த காலத்தில் பிறந்தே இருக்கவில்லை.

அவருடைய கோரிக்கையைப் பிரதான தமிழ்க் கட்சிகள் ஏற்றுக்கொண்டது 1976 மே 14இல், தமிழர் விடுதலைக் கூட்டணியின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில். அவர் கேட்ட தனிநாடு அதில் இருக்கிறது. அந்த நாட்டில் சாதி ஒழிக்கப்படும், பிறப்பை வைத்துக் கடைப்பிடிக்கும் தீண்டாமை எந்த வடிவில் இருந்தாலும் சட்டப்படி தண்டிக்கப்படும் என்ற வாசகமும் அதே தீர்மானத்தில் இருக்கிறது.